பத்தாயிரம் அடியும் ஒரு குழித்தறியும்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் காலை நடைக்குக் கிளம்புகிறவர் கையில் கட்டியிருப்பது கடிகாரம் அல்ல, கணக்குப்பிள்ளை. பால் வாங்கப் போனது வரவு. திண்ணையில் உட்கார்ந்து வம்பளந்தது பூஜ்யம். இலக்கு 10,000 அடி.

இந்த எண்ணை எந்த வைத்தியரும் நாடி பிடித்துச் சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்க வந்தது. பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி. முழு எண் என்றால் வியாபாரத்துக்கு ராசி! 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு வயதான பெண்களை ஆராய்ந்தது. நாளுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. கணக்குப்பிள்ளைக்கு இந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

தமிழக அரசும் டோக்கியோவைப் பார்த்துத்தான் நடக்கக் கிளம்பியது. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வந்தது. நல்ல திட்டம். நடக்கிற இடம்வரை பைக்கில் போவது நம்முடைய பங்களிப்பு.

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியோ நாள் முழுக்கக் காலால் மிதித்துக்கொண்டே இருக்கிறார். கையில் கட்டிய கருவிக்கு அது நடையே அல்ல. அவருடைய முதுகும் முழங்காலும் மட்டும் தனிக் கணக்கு எழுதுகின்றன.

நடை முடித்தவர்களோ சுக்கும் மிளகும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

கணக்குப்பிள்ளைக்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டது.