கண்ணாடியைக் கழற்று, கணவன் வருவான்

பணக்கார வீட்டில் விவாகரத்து ஏன் வருகிறது? ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டிமில் ஆராய்ந்து கண்ட விடை: மூக்குக்கண்ணாடி.

1920-ல் வந்த அவருடைய ‘ஒய் சேஞ்ச் யுவர் ஒய்ஃப்?’ மௌனப் படத்தில் குளோரியா ஸ்வான்சன்தான் பெத். கண்ணாடி, கனமான புத்தகம், கணவன் குடித்தால் உபதேசம். கணவன் ராபர்ட் சவரம் செய்ய நின்றால் போதும், அலமாரியில் ஏதோ எடுக்க வந்து நிற்பாள். முகத்தில் நுரையோடு அவன் ஒதுங்குவதும், மறுபடி கத்தியை எடுப்பதும், மறுபடி ஒதுங்குவதும்... பார்க்கிற நமக்கே வக்கீல் ஞாபகம் வந்துவிடும்.

சமாதானத்துக்கு அவளுக்கு ஒரு மெல்லிய இரவு உடை வாங்கப் போகிறான். கடையில் அதை உடுத்திக் காட்டியவள் சாலி. உடை வீட்டுக்கு வந்தது, மனைவி முகம் சுளித்தாள், புருஷன் கடைப்பக்கம் போனான். விவாகரத்து, மறுகல்யாணம். இப்போது சவர நேரத்தில் சாலி வந்து நிற்கிறாள்!

பெத்தைப் பற்றி ஜவுளிக்கடையில் பெண்கள் வம்பளக்கிறார்கள். பாவம், இப்படி உடுத்தினால் எந்தப் புருஷன் தங்குவான் என்று. அது காதில் விழுந்ததும் கை வைக்காமல், முதுகும் வைக்காமல் தைக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறாள். புத்தகம் போன இடம் தெரியவில்லை. உல்லாச விடுதியில் இவளைப் பார்த்த மாஜி புருஷனுக்குத் தலை சுற்றுகிறது. பிறகு வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து மண்டையில் நிஜமாகவே அடி. மாஜியும் நடப்பும் அவனுக்காகக் கட்டிப் புரள்கிறார்கள். ஆசிட் என்று மிரட்டிய குப்பியில் இருந்தது கண் கழுவுகிற மருந்து! சாலி அவன் பர்ஸிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறாள். படத்திலேயே விவரமான ஜீவன் அவள்தான்.

பழைய ஜோடியே மறுபடி சேர்ந்ததால் தர்மம் காப்பாற்றப்பட்டது. அதுவரை ஜனங்கள் பார்த்த முதுகுகள் கணக்கில் வராது. முந்தைய ஆண்டும் டிமில் இதே வித்தையைத் திருப்பிப் போட்டுக் காட்டியிருந்தார். ‘டோன்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்’ படத்தில் குற்றவாளி வெங்காயம் தின்னும் கணவன். அவனும் உடம்பை இளைத்து மீசையை மழித்ததும் மனைவி திரும்பி வந்தாள்.

நிஜ ஹாலிவுட்டுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. அதே 1920 மார்ச் 2-ல் நெவாடாவில் விவாகரத்து வாங்கிய நடிகை மேரி பிக்ஃபோர்ட், 28-ஆம் தேதியே நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸைக் கட்டிக்கொண்டார். டிமில் மட்டும் 1902-ல் கட்டிய மனைவியைக் கடைசிவரை மாற்றவில்லை. இரண்டு படத்திலும் பழைய புருஷனிடமே திரும்பிய ஸ்வான்சன் நிஜத்தில் ஆறு பேரை மணந்தார். ஒருவரையும் இரண்டாம் தடவை கட்டிக்கொள்ளவில்லை.