அல்லது வேறு ஏதாவது பிழை

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் குடிவைத்திருக்கும் நமக்கெல்லாம் இந்த வாக்கியம் மனப்பாடம். லினக்ஸில் நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த விண்டோஸ் பார்ட்டிஷன் இன்று முறுக்கிக்கொள்ளும். மவுண்ட் கட்டளை சொல்லும்: கோப்பு முறைமையின் வகை தவறு, ஆப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் பழுது, கோட்பேஜ் காணோம், உதவி நிரல் காணோம், அல்லது வேறு ஏதாவது பிழை. இதைப் பிழைச்செய்தி என்பதே பிழை, இது நழுவல் என்பது என் கட்சி. 'வேறு ஏதாவது' என்று முடிப்பதென்றால் முதல் ஐந்தும் எதற்கு? "மச்சான் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை?" என்று கேட்டால், "பஸ் கிடைத்திருக்காது, மாடு கன்று போட்டிருக்கும், முழங்கால் வலியாக இருக்கும், வேட்டி காய்ந்திருக்காது, தேதி மறந்திருக்கும், அல்லது வேறு ஏதாவது இருக்கும்" என்று அக்கா அடுக்குவதைப் போல. பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போன சங்கதி பந்தியில் அப்பளம் போடுகிறவர் வரைக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். கேட்டவருக்கு மட்டும் வேட்டி காயவில்லை.

"பாவம், மவுண்ட் என்ன செய்யும்? கெர்னல் அதனிடம் கொடுப்பது 22 என்ற ஒரே ஒரு பிழை எண்தானே" என்று விவரம் தெரிந்தவர்கள் வக்காலத்து வாங்குவார்கள். உண்மைதான். ஆனால் கெர்னலுக்குக் காரணம் தெரியும். 2021இல் 5.15ஆம் பதிப்போடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், 'வால்யூம் அழுக்காக இருக்கிறது, ஃபோர்ஸ் கொடுக்கவில்லை' என்று டிமெசெக் என்ற கெர்னல் பதிவேட்டில் தெளிவாக எழுதிவைக்கிறது. முகத்துக்கு நேரே சொல்லாமல் டைரியில் எழுதுகிற சுபாவம்! உபுண்டுவில் 20.10 முதல் அந்த டைரிக்கும் பூட்டு. சூடோ போட்டால்தான் படிக்கலாம்.

அழுக்கு யாருடையது? 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பினுடையது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் கெர்னலை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் பாதித் தூக்கம் போடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். "என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டினால் போச்சு" என்பார்கள். அது சில அடிப்படைக் கோளாறுகளைச் சரிசெய்து, ஜர்னலைத் துடைத்து, மீதியை விண்டோஸ் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சீட்டு எழுதிவைக்கும், அவ்வளவே. பெயரில் மட்டும் ஃபிக்ஸ். ஆக, லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்க விண்டோஸுக்குள் போயாக வேண்டும். போனால் அங்கே அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். அணை என்றால் அணையாத அதே விண்டோஸ், கணினியை அணைக்காதீர்கள் என்று நமக்குக் கட்டளை போடும்.