முதல் பார்வையே, உன் திறமே திறம்!

கடைத்தெருவில் உன்னைப்போல் கெட்டிக்காரர் உண்டா? தராசு வேண்டாம், விசாரணை வேண்டாம். பார்த்தாய், பிடித்தது, பை நிறைந்தது.

மாம்பழக் கூடையில் உன் கூர்மையைச் சொல்லி மாளாது. மரத்தில் விளைந்து தானாகக் கனிந்த பழம் காம்போரம் பச்சையும் கன்னத்தில் மஞ்சளுமாகக் கிடக்கும். அதை நீ சீந்துவதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது தலை முதல் அடி வரை ஒரே மஞ்சளாக மினுங்கும். அதற்குத்தான் உன் முதல் மரியாதை. கல் வைப்பது சட்டப்படி குற்றம் என்று கோயம்பேடு சந்தையில் அதிகாரிகள் பழங்களைப் பறிமுதல் செய்து அழிக்கிறார்கள். நீ நற்சான்று கொடுத்த பழத்தை அழிக்க அவர்கள் யார்? வாசனையே இல்லை என்று மூக்கும், புளிக்கிறது என்று நாக்கும் வீட்டில் புலம்பட்டும். அவற்றைக் கேட்டா வாங்கினாய்?

உன் பெருந்தன்மையும் சாமானியமா? 999 ரூபாயை ஆயிரம் என்று சொல்லிக் கடைக்காரர் மனத்தைப் புண்படுத்த மாட்டாய். பிஸ்கட் பொட்டலத்தில் விலை மாறாமல் கிராம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாலும், பின்பக்கம் திருப்பி நிகர எடையைப் பார்க்கும் அற்பத்தனம் உனக்கு வராது.

உன் புகழ் எல்லை தாண்டியது. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சள் கிழங்கை யாரும் விரும்பவில்லை. லெட் குரோமேட் என்னும் காரீயச் சாயத்தை ஏற்றினார்கள். பளிச்சென்று ஆனது, விலை போனது. உன் உள்ளம் குளிர்ந்தால் போதாதா? சாயம் குழம்பில் கரைந்து குழந்தைகளின் வயிற்றுக்குப் போனதும், காரீயம் அவர்கள் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதும் உனக்கு எதற்கு? 2019-இல் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தி, அரசு, சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டித்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஒருநாள்கூடத் தயங்காமல் பளபளப்புக்கே ஓட்டுப் போட்டாயே, அந்த உறுதி யாருக்கு வரும்!

கலப்படக்காரர் வீட்டில் அடுப்பெரிவது உன்னால். உன் படத்தை அவர்கள் பூஜையறையில் மாட்டத்தான் வேண்டும். இத்தனை உழைத்த உனக்கு ஓய்வும் வேண்டாமா? பிள்ளைகள் சாப்பிடும் பொருளை வாங்கும்போதாவது ஒதுங்கி நில். முகர்ந்து பார்க்கவும், லேபிளைப் படிக்கவும், கேள்வி கேட்கவும் அரை நிமிடம் போதும். அந்த வேலையை இரண்டாம் பார்வை பார்த்துக்கொள்ளும்.