கூரை கட்டும் மாதம்

ஆவணி வெயில் தணியத் தொடங்கினாலே மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் அந்தக் காலத்தில் கூரை வேலை ஆரம்பமாகிவிடும். தென்னோலையை நடுவே பிளந்து, குளத்தில் ஊறப்போட்டுப் பெண்கள் கிடுகு பின்னுவார்கள். ஆண்கள் மேலே ஏறி, உளுத்துப்போன கைமரத்தை மாற்றி, புதுக் கிடுகை வரிசையாகக் கட்டி முகடு மூடுவார்கள். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. கூலிப் பேச்சே இல்லை. மத்தியானச் சோறு உண்டு. ஐப்பசியில் வாடைக்காற்றோடு மாரி இறங்குமுன் ஊரின் கூரைகள் திருத்தமாகிவிடும்.

அப்பாவின் கண் எப்போதும் கட்டுகளில்தான் இருக்கும். "மனே, ஓலை பறந்தா வேற ஓலை போடலாம். கைமரம் வளையை விட்டுக் கழண்டா வீடே போயிரும்" என்பார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளிக்கு அந்தக் கட்டுகளும் தாங்கவில்லை. இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டரை லட்சம் வீடுகள் வரை சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னை, அதாவது பத்தில் ஒன்பது பங்கு, அழிந்தது. கூரைக்கு ஓலை தந்த மரங்களே போய்விட்டன. கிடுகுக்கு எங்கே போவது? தகரமும் ஓடும் அஸ்பெஸ்டாஸ் சீற்றும் ஊருக்குள் வந்தன. 1981இல் இங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதையொட்டிக் கல்வீடுகளும் மாடிகளும் எழுந்தன.

அன்று புயல் செய்தி அறிய எங்களுக்கு வானொலி ஒன்றுதான்; இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். இன்று வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாகும்போதே வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கிறது. செய்மதிப் படம் கைபேசிக்கு வருகிறது. எத்தனையோ உயிர்களைக் காக்கும் பெரும் பாக்கியம் இது. ஆனால் புரட்டாதியில் ஏணி வைத்துக் கூரையைப் பார்க்கும் வழக்கம் குறைந்துவிட்டது. எச்சரிக்கை வந்த பிறகுதான் தகரத்தின் மேல் மண்மூட்டை ஏற்றுகிறோம்.

அப்பா அனுபவத்தில் அறிந்ததற்குக் காரணம் உண்டு. கூரைக்கு மேலே விரைந்தோடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. கதவோ யன்னலோ உடைந்தால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இழுவை மிக அதிகம். அங்கே துருவேறிய ஆணி ஒன்று விட்டுப்போனால் போதும். தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று கத்தியாகப் பறக்கும். சூறாவளியின் கண் கடக்கும் இடத்தில் காற்று சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிய கூரை அதற்குத் தப்பாது.

ஆகவே புரட்டாதி முடியுமுன் ஏணியை எடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை மாற்றுங்கள். கைமரத்தை வளையோடும், வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டி போட்டு இறுக்குங்கள். அஸ்பெஸ்டாஸ் சீற்றில் நேரே கால் வைக்க வேண்டாம்; உடைந்து விழுத்திவிடும், பலகை போட்டு நடங்கள். யன்னல் கொளுக்கிகளைப் பாருங்கள். வீட்டின் மேல் சாய்ந்த கொப்புகளை வெட்டுங்கள். தனித்திருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு, முன்பு போல, நாலு பேராகப் போங்கள்.

எச்சரிக்கை வந்த நாளில் செய்ய வேண்டியது பாதுகாப்பான இடத்துக்குப் போவது மட்டுமே. கூரை வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.