தேயாத அட்டை

புணே தாபோடியில் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை இருக்கிறது. நம்மூர் கரூர் மாதிரி, அங்கே பஸ்ஸுக்கு பாடி கட்டுவார்கள். வாரண்டியை நம்பாமல் ஸ்பானரை நம்பும் இடம்.

வாசலைக் கடக்கும் கார்க்காரர்களோ மூன்று வருட வாரண்டியைக் காசு கட்டி ஐந்தாக நீட்டியவர்கள். கிளட்ச் தட்டு போனால், "அது தேய்மானம் சார்." பிரேக் பேடு, வைப்பர் ரப்பர்? அதுவும் தேய்மானம். தேயாதது வாரண்டி அட்டை ஒன்றுதான். நான்காம் வருடம் புது மாடல் வந்ததும் வண்டியோடு அதையும் விற்றுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் சொந்தக் காரின் பதிவு 15 வருடம்; தகுதிச் சான்று வாங்கினால் பிறகும் ஓட்டலாம். அரசு பஸ்ஸுக்கு அந்தச் சலுகை 2023 ஏப்ரல் 1 முதல் கிடையாது. பதினைந்தோடு காயலான் கடைதான்.

அட்டையை பீரோவில் பூட்டியது போதும். ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள்.