வாலு வீசுன காலமும் வட்டி கட்டுற காலமும்

ஏல தம்பி, இங்கன வா. காருக்குப் பின்னால பலகை ஒண்ணு மாட்டியிருக்கியே, என்னது அது? ஸ்பாய்லரா? வேகமாப் போகையில வண்டி மேல எந்திரிக்காம அமுக்கிப் பிடிக்குமாக்கும்? திருச்செந்தூர் ரோட்டுல ஆத்தூர் தாண்டுறதுக்குள்ள உன்னை மினி பஸ்ஸு முந்திட்டுப் போகுது. நீ எங்கலே எந்திரிக்க?

ரேலி வண்டியா மாத்தப் போறியாம். மாத்து, யாரு வேண்டாம்னா? அதுக்கு முன்னால கொஞ்சம் கேட்டுக்க.

அந்தக் காலத்துல மெட்ராஸ் பக்கம் ரேலிக்குப் போனவுக, ஆபீசுக்குப் போற வண்டியிலயேதான் போனாவ. பியட், அம்பாசிடர், மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கோயம்புத்தூர் ஜி.ஆர். கார்த்திகேயன், அதான் பார்முலா ஒன் ஓட்டுன நரேனுக்கு அப்பா, சவுத் இந்தியா ரேலியில ஜெயிச்சவரு. அப்பல்லாம் பின்சக்கரந்தான் தள்ளும். வளைவு வந்தா வண்டி வாலை வீசி, பக்கவாட்டுல சறுக்கித் திருப்பணும். பாக்கறதுக்கே திருவிழாதான்.

1981-ல ஜெர்மனிக்காரன் ஆடி குவாட்ரோவை ரேலிக்குக் கொண்டாந்தான். நாலு சக்கரமும் இழுக்கும். அதுல என்ன பெருசுங்கியா? நம்ம குதிரைமொழித் தேரிக்குள்ள வண்டியை விட்டுப் பாரு. பின்சக்கரம் மட்டும் சுத்துற வண்டி, மிதிக்க மிதிக்கச் செம்மண்ணைத் தோண்டிட்டு வயிறு தட்டி உக்காந்துரும். முன்சக்கரமும் சேந்து இழுத்தா ஏறி வந்துரும். அம்புட்டுதான் சூட்சுமம்.

ஆனா குவாட்ரோவுக்கு எஞ்சின் மூக்குல உக்காந்திருக்கும். நீ ஸ்டீரிங்கை ஒடிச்சா அது நேராப் போவேன்னு அடம்பிடிக்கும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டர்போ உறங்கிரும். அதனால வலது காலு ஆக்சிலேட்டரை மிதிச்சபடியே கிடக்க, இடது காலு பிரேக்கைத் தட்டணும். வடக்கு ஐரோப்பாக்காரனுவ இந்த வித்தையை முன்சக்கரம் இழுக்குற வண்டியிலயே பழகி வச்சிருந்தானுவ. மத்தவனெல்லாம் நடக்கப் படிச்ச பிள்ளை மறுபடி தவழ்ந்த கதைதான்.

நம்ம தோணியைப் பாரு. பாய் கட்டிக் கொழும்புக்குப் போன காலத்துல காத்துக்கு எவன் பில்லு கேட்டான்? தண்டல் வானத்தைப் பாப்பாரு, தண்ணி நெறத்தைப் பாப்பாரு, பாயைத் திருப்புவாரு. பெறவு எஞ்சின் வந்துச்சு. காத்து விழுந்த நாளும் போலாம், நல்லதுதான், நான் குத்தஞ் சொல்லல. ஆனா டீசல் துட்டு யாரு தலையில? ரிப்பேருன்னா ஆளு வேற தேடணும். இப்ப பாயைப் பிடிச்சு ஓட்டத் தெரிஞ்சவன் எத்தனை பேருலே இருக்கான்?

ரேலியிலயும் அதே கூத்துதான். ஆடியைப் பாத்து பெஜோ செஞ்சான், லான்சியா செஞ்சான். குரூப் பி-ங்கற பிரிவுல, போட்டிக்கு வர 200 வண்டி செஞ்சாப் போதும். கம்பெனிக்காரன் துட்டைக் கொட்டினான், வேகம் எக்கச்சக்கமா ஏறிட்டு. 1986-ல போர்ச்சுகல்ல வண்டி கூட்டத்துக்குள்ள பாஞ்சு வேடிக்கை பாத்தவுக செத்தாவ. அந்த மே மாசம் கார்சிகாவுல வண்டி ஓட்டுன ஹென்றி டோய்வோனனும் பக்கத்துல இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் தீயில போயிட்டாவ. அதோட குரூப் பி-க்குப் பூட்டு. 1987-ல இருந்து 5,000 வண்டி செஞ்சு வித்த மாடலைத்தான் ஓட்டணும்னுட்டாவ.

அடங்குனானுவளா? பெறவு கம்ப்யூட்டரை உள்ள விட்டானுவ. எந்தச் சக்கரத்துக்கு எம்புட்டு பலம்னு அதே பிரிச்சுக் குடுக்கும். கியரை ஸ்டீரிங்குக்குப் பின்னால விரலால தட்டினாப் போதும். வாலை வீசினா நேரம் போகுமாம். கோடு போட்ட கணக்கா ஓட்டுறவன்தான் கெட்டிக்காரன்னு ஆயிட்டு. 2022-ல உலக ரேலி நடத்துறவுகளுக்கு என்ன தோணிச்சோ, அந்தக் கம்ப்யூட்டர் பங்கீட்டைக் கழட்டு, கையால இழுக்குற பழைய கியர் கம்பியை மாட்டுன்னாவ. செலவைக் குறைக்கவாம். அதே கையால 100 கிலோவாட் மின்மோட்டாரும் பேட்டரியும் ஏத்தினாவ. ஓட்டுறவன் பிரேக் பிடிக்கும்போதே கரண்டு சேக்கணும்னு அதுக்கொரு பழக்கம். 2025-ல அதையும் இறக்கிட்டாவ. ஏத்துனதுக்கும் துட்டு, இறக்குனதுக்கும் துட்டு! 2027-ல இருந்து ஒரு வண்டி 3,45,000 யூரோவுக்கு மேல போகக் கூடாதாம். நம்ம கணக்குல மூணு கோடிக்கு மேல. இது மலிவு விலையாம்லே, மலிவு!

நம்ம கௌரவ் கில் 2013, 2016, 2017-னு மூணு வருசம் ஆசிய பசிபிக் ரேலிப் பட்டம் அடிச்சாரே, மெட்ராஸ் எம்ஆர்எஃப் டீமுக்காக, ஸ்கோடா ஃபேபியாவுல. உடனே நீ பழைய ஃபேபியா எங்க கிடைக்கும்னு தேடுத. அந்த வண்டிக்கும் கடையில வித்த வண்டிக்கும் பேரு மட்டுந்தான் ஒண்ணு. எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்சன் எல்லாம் வேற.

சரி, வண்டியை விடு. அந்தப் பக்கத்து சீட்டுல ஒருத்தன் நோட்டு வாசிப்பான் பாரு. வளைவு எம்புட்டு, மேடு எங்க, அதுக்கு அங்கன பள்ளமான்னு முன்கூட்டியே ரோட்டைப் பாத்து எழுதி வச்சுக்கிட்டு, சரியான நேரத்துல சொல்லணும். குவாட்ரோ காலத்துலயும் அந்த நோட்டுதான், இன்னைக்கும் அதேதான். உனக்கு யாரு வாசிக்கப் போறா? உன் மச்சினனா? போன வாரம் பழையகாயலுக்கு வழி சொல்லுன்னா, இடதுன்னு சொல்லிக்கிட்டே வலது கையை நீட்டுனானே, அவனா?