காதலுக்கா வரிப்பணம்?

குழித்துறைப் பக்கத்துக் கல்யாண புரோக்கருக்கு மனித உறவின் அடிப்படை விதி அத்துப்படி. இந்தப் பக்கம் பையனின் வேலை, அந்தப் பக்கம் பவுனும் ரப்பர் தோட்டமும். தட்டு சமமானால் தாம்பூலம். அமெரிக்காவில் எலன் பெர்ஷைடு, எலைன் ஹாட்ஃபீல்டு என்ற இரு பெண் உளவியலாளர்கள் இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொன்னார்கள்: கொடுப்பதும் பெறுவதும் ஈடாக இருந்தால்தான் ஜோடிக்கு நிம்மதி. புரோக்கர் கமிஷன் வாங்கினார். இவர்கள் மானியம் வாங்கினார்கள். வினை அங்கேதான்.

மனிதர்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்று ஆராய தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்தது 84,000 டாலர். 1975 மார்ச்சில் விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் பொங்கி எழுந்தார். வரிப்பணத்தை வீணடிப்பவர்களுக்கென்று ‘கோல்டன் ஃபிளீஸ்’ விருதை உண்டாக்கி, முதல் போணியை இந்தக் காதல் ஆராய்ச்சிக்கே செய்தார். 8,400 கோடி டாலரைக் கொட்டினாலும் நம்பும்படியான விடை வராது. வந்தாலும் எனக்கு வேண்டாம் என்பது அவர் வாதம்.

வேண்டாம்தான். ஐயா ஒரு விவாகரத்து முடித்து, மறுமணம் செய்து, அந்த மனைவியையும் பிரிந்து, மறுபடி சேர்ந்தவர். வழுக்கைக்கு முடி நட்டுக்கொண்டு, தலையில் கட்டோடு செனட்டுக்கு வந்தவரும் அவரே. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா?

நியூயார்க் டைம்ஸில் ஜேம்ஸ் ரெஸ்டன் அந்த இரு பெண்கள் பக்கம் பேசினார். காதல், கல்யாணம், கசப்பு, விவாகரத்து என்ற வரிசைக்கு விடையில் ஒரு நுனி கிடைத்தாலும், ஜெபர்சன் லூசியானாவை வாங்கிய பிறகு அரசு போட்ட ஆகச் சிறந்த முதலீடு இதுதான் என்றார். ஹாட்ஃபீல்டும் ஓயவில்லை. சூசன் ஸ்பிரெச்சரோடு சேர்ந்து 1986இல் காதலின் உக்கிரத்தை அளக்க ஒரு வினாத்தாள் போட்டார். பின்னாளில் காதலர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து மூளையைப் பார்த்தவர்களுக்கும் அதுவே அளவுகோல். ஒருவர் உணர்ச்சி மற்றவரைத் தொற்றும் விதம் பற்றி 1990களில் அவர் எழுதியதைத் தொடாமல் பரிவு ஆராய்ச்சி நகராது.

செனட்டர் அடுத்து அதே விருதைக் கொடுத்து ரொனால்ட் ஹட்சின்சனைச் சீண்டினார். குரங்குகள் கோபத்தில் ஏன் பல்லைக் கடிக்கின்றன என்று பார்த்தவர் அவர். ஆனால் ஹட்சின்சன் நேரே கோர்ட்டுக்குப் போனார். 1979இல் உச்ச நீதிமன்றம், செனட்டர் பதவி செய்திமடலில் எழுதியதற்குக் கவசமாகாது என்றது. பிராக்ஸ்மயர் மன்னிப்பும் கேட்டு 10,000 டாலரும் கொடுத்துச் சமாதானமானார். வழக்குச் செலவு 1,24,000 டாலருக்கு மேல். பில்லைக் கட்டியது செனட். ஆகமொத்தம், காதலைவிடக் கோபத்துக்குத்தான் வரிப்பணம் அதிகம் போனது.